கம்பியில்லா ஸ்மார்ட் மீட்டரை எதிர்ப்பவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறதா?

ரேடியோ அலையில் கணக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டரை வீடுகளில் பொருத்த வரும்போது மக்கள் ஏன் கூடி எதிர்க்கிறார்கள், அதில் அறிவியல் இருக்கிறதா அல்லது வெறும் பயமா, எதிர்த்தவர்கள் எங்காவது எதையாவது சாதித்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சால் நோய் வரும் என்ற வாதம்தான் கூட்டங்களில் அதிகம் ஒலிக்கிறது. ஆதாரம் மிகக் குறைவாக இருப்பதும் அந்த வாதத்துக்குத்தான். வீட்டுக்காரரைக் கேட்காமல் பொருத்துவது, வீட்டின் அன்றாட வாழ்க்கையைத் தரவாகச் சேகரிப்பது, ஆள் வராமலே மின்சாரத்தைத் துண்டிப்பது ஆகிய மூன்றிலும் எதிர்ப்பவர்கள் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது. வெற்றி கண்ட ஊர்கள் பெரும்பாலும் இவற்றை வைத்தே வென்றன.

கருவி என்ன செய்கிறது என்பதில் தொடங்குவோம். பழைய மீட்டரில் சுழலும் தட்டும் பல்சக்கரங்களும் இருந்தன. குறிப்பிட்ட இடைவெளியில் ஒருவர் நேரில் வந்து ரீடிங் குறித்துக்கொண்டு போவார். நிறுவனத்துக்குத் தெரிவது அந்த ஒரே ஓர் எண். புதிய மீட்டர் கால் மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை அளவைப் பதிந்து அனுப்புகிறது. வட அமெரிக்காவில் பரவலாக உள்ள வகை 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஏறக்குறைய ஒரு வாட் திறனில் பேசுகிறது. தன் கணக்கை மட்டும் அனுப்பாமல், அக்கம்பக்கத்து மீட்டர்களின் கணக்கையும் வாங்கி அடுத்த மீட்டருக்குக் கடத்திவிடும். கடைசியில் எல்லாம் அந்தப் பகுதியின் சேகரிப்புக் கருவிக்குப் போய்ச் சேரும். பல மீட்டர்களுக்குள் ஒரு சுவிட்சும் இருக்கிறது. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே இணைப்பைத் துண்டிக்கலாம், திரும்பக் கொடுக்கலாம். தண்ணீர், எரிவாயு மீட்டர்களிலும் ரேடியோ வந்துவிட்டது. அவை பேட்டரியில் ஓடுவதால் மிகக் குறைவாகவே பேசும்.

இவ்வளவு வேகமாக இவை பரவியதற்குப் பெரிய காரணம் அரசுப் பணம். 2009-இல் அமெரிக்கா பொருளாதார ஊக்கத் திட்டத்தில் மின்வலையை நவீனமாக்க 450 கோடி டாலர் ஒதுக்கியது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம், வரவு செலவுக் கணக்கு சாதகமாக வரும் நாடுகளில் 2020-க்குள் 80 சதவீத வீடுகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் போக வேண்டும் என்றது. கெடு இருந்ததால் நிறுவனங்கள் அவசரப்பட்டன. மக்களிடம் பேசிப் புரியவைக்க நேரம் ஒதுக்கப்படவில்லை. பின்னால் வந்த கோபத்தில் பாதி அங்கேதான் விதைக்கப்பட்டது என்பது என் கருத்து.

கலிபோர்னியாவில் நடந்ததைப் பாருங்கள். 2009 கோடையில் பேக்கர்ஸ்ஃபீல்டு நகரில் புதிய மீட்டர் வந்த கையோடு பல வீடுகளுக்கு மின் கட்டணம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வந்தது. வழக்கு போட்டார்கள். மின் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் மாநில ஆணையம் வெளியாட்களை வைத்துச் சோதித்தபோது மீட்டர்கள் சரியாகவே அளக்கின்றன என்று 2010-இல் அறிக்கை வந்தது; கடும் வெயிலும் கட்டண உயர்வும் ஒரே நேரத்தில் வந்ததைக் காரணமாகக் காட்டியது. ஆனால் அதே அறிக்கை, புகார் சொன்ன மக்களை அங்கே மின்சாரம் வழங்கும் பிஜி அண்ட் இ நிறுவனம் நடத்திய விதம் மோசம் என்றும் சொன்னது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மீட்டர்களில் பொருத்தியதிலோ தரவிலோ இணைப்பிலோ கோளாறு இருந்ததை நிறுவனமே 2010-இல் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டின் பிற்பகுதியில், மீட்டர் திட்டத்துக்குப் பொறுப்பான உயர் அதிகாரியே பொய்ப் பெயரில் எதிர்ப்பாளர்களின் குழுவுக்குள் நுழைய முயன்று அகப்பட்டுப் பதவி விலகினார். அதற்குப் பிறகு அந்த நிறுவனம் அலைகளைப் பற்றி எந்த உண்மையைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

ஃபேர்ஃபாக்ஸ், வாட்சன்வில் போன்ற சிற்றூர்களும் சாண்டா குரூஸ், மரின் மாவட்டங்களும் மீட்டர் பொருத்தத் தற்காலிகத் தடை விதித்தன. 2010 டிசம்பர் இறுதியில் மரின் மாவட்டத்தில் மீட்டர் ஏற்றிவந்த வண்டிகளை மறித்த இரண்டு பெண்கள் கைதானார்கள். உள்ளூர் மன்றங்களுக்கு இதில் அதிகாரமே இல்லை என்று மாநில ஆணையம் சொன்னது. சட்டப்படி அது சரிதான். ஆனாலும் அந்தச் செல்லாத தீர்மானங்கள் வீண் போகவில்லை. ஸ்மார்ட் மீட்டர் வேண்டாம் என்பவர்கள் விலகிக்கொள்ள வழி செய்யுமாறு 2011 மார்ச்சில் ஆணையத் தலைவரே நிறுவனத்துக்கு உத்தரவிட்டார். 2012 பிப்ரவரியில் பழைய மீட்டரையே வைத்துக்கொள்ளும் உரிமை வந்தது. அதற்குத் தொடக்கத்தில் 75 டாலர், பிறகு மாதம் 10 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்கு 10 டாலரும் மாதம் 5 டாலரும். 2014-இல் மாதக் கட்டணம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள்.

இனி உடல்நலக் கேள்விக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் நிறுவனம் தொடக்கத்திலிருந்தே ஒரு நாளில் மொத்தம் 45 விநாடிதான் மீட்டர் அலை அனுப்புகிறது என்று சொல்லிவந்தது. எத்தனை தடவை அனுப்புகிறது என்று ஆணையத்தின் நீதிபதி 2011-இல் கேட்டபோதுதான் மறுபாதி வெளியே வந்தது: சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 10,000 தடவை, அதிகபட்சம் 1,90,000 தடவை. இரண்டு தகவல்களும் உண்மை. ஒவ்வொரு தடவையும் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிதான் நீடிக்கிறது. எல்லாம் சேர்ந்தால் 45 விநாடி. நிறுவனம் சிறிய எண்ணை மட்டும் சொன்னது, எதிர்ப்பாளர்கள் பெரிய எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். முதல் நாளே இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் இந்தச் சண்டையின் போக்கு வேறாக இருந்திருக்கும்.

அளவு என்று பார்த்தால், 900 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பொதுமக்களுக்கு அமெரிக்க விதி அனுமதிக்கும் வரம்பு சதுர சென்டிமீட்டருக்கு 0.6 மில்லிவாட். மீட்டருக்கு ஓரடி முன்னால் நின்றாலும் சராசரி அளவு அந்த வரம்பில் மிகச் சிறிய பங்குதான். தள்ளிப் போகப் போக அது தூரத்தின் வர்க்க விகிதத்தில் குறையும். இரண்டு மடங்கு தூரத்தில் கால் பங்காகிவிடும். காதோடு ஒட்டிவைத்துப் பேசும் அலைபேசி நம் தலைக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் வெளிச்சுவரில் இருக்கும் மீட்டர் கொடுப்பது மிகக் குறைவு. 2011 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. எதிர்ப்புக் கூட்டங்களில் தவறாமல் காட்டப்படும் சான்று இது. அந்த முடிவுக்கு அடிப்படை, அலைபேசியை மிக அதிகமாகப் பயன்படுத்தியவர்களின் மூளைக்கட்டி பற்றிய வரம்புக்குட்பட்ட சான்றுகள். மீட்டரை ஆராய்ந்து சொன்ன முடிவு அன்று.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. இப்போதைய வரம்புகள் திசு சூடாவதைத் தடுக்கும் நோக்கில் வகுக்கப்பட்டவை. சூடாக்காத அளவிலும் விளைவு இருக்குமா என்பதற்கு மேலும் ஆய்வு தேவை என்று கலிபோர்னியாவின் அறிவியல் தொழில்நுட்ப மன்றமே 2011 அறிக்கையில் எழுதியது. அப்படியொரு விளைவு நிரூபணமானதாக அது சொல்லவில்லை.

மீட்டர் வந்த பிறகு தலைவலி, தூக்கமின்மை, படபடப்பு என்று சொல்பவர்களைப் பொய்யர்கள் என்று ஒதுக்குவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. அவர்களுடைய உபாதை உண்மையானது. உலக சுகாதார நிறுவனமும் 2005-இலேயே அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் காரணம் அலைதான் என்பதற்கு அடிப்படை இல்லை என்றும் அதே குறிப்பு சொல்கிறது. இப்படிப் பாதிக்கப்படுவதாகச் சொன்னவர்களை வைத்து, அலை ஓடுகிறதா இல்லையா என்பது அவர்களுக்கும், பல சோதனைகளில் சோதிப்பவருக்கும்கூட, தெரியாதபடி ஏராளமான சோதனைகள் நடந்தன. 2005-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 31 சோதனைகளை அலசியது. அலை இருப்பதை அவர்களால் குருட்டு ஊகத்துக்கு மேல் கண்டுபிடிக்க முடியவில்லை. பயமே உடலில் வலியாக வெளிப்படும் என்பது மருத்துவம் நன்றாக அறிந்த ஒன்று. விருப்பமில்லாத பொருளைச் சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் படுக்கையறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனால் அந்தப் பயம் கூடத்தான் செய்யும். ஆகவே, காரணம் எதுவானாலும், மீட்டரை வேறு சுவருக்கு மாற்றித் தரக் கேட்பதோ ரேடியோ இல்லாத மீட்டர் கேட்பதோ நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன். அடுக்குமாடியில் பத்திருபது மீட்டர் வரிசையாக இருக்கும் சுவரின் மறுபுறம் கட்டில் போட்டிருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

பிரான்ஸ் இங்கே முக்கியமான உதாரணம். அங்கே பொருத்தப்பட்ட லிங்கி மீட்டர் தன் கணக்கை ரேடியோவில் அனுப்புவதில்லை. மின்கம்பி வழியாகவே அனுப்புகிறது. அப்படியும் நூற்றுக்கணக்கான உள்ளாட்சிகள் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டன. மேயர்களுக்கு அதைத் தடுக்கும் அதிகாரம் இல்லை என்று 2019-இல் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் சொல்லும்வரை அந்தப் போராட்டம் ஓடியது. ரேடியோ இல்லாத மீட்டரும் இவ்வளவு கோபத்தைக் கிளப்பியது என்றால், மக்கள் அலைக்கு மட்டும் பயப்படவில்லை என்பது தெளிவு.

வேறு எதற்குப் பயந்தார்கள்? வீட்டுக்குள் நடப்பது வெளியே தெரிவதற்கு. இந்தப் பயத்துக்கு உறுதியான தொழில்நுட்ப அடிப்படை இருக்கிறது. 1980-களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஹார்ட் என்ற ஆய்வாளர், வீட்டுக்கு வரும் மொத்த மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்த்தே உள்ளே எந்தக் கருவி எப்போது ஓடுகிறது என்று பிரித்தறியும் முறையை உருவாக்கினார். குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் சூடாக்கி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்சாரத் தடம் உண்டு. இது கண்காணிப்புக்கும் பயன்படும் என்று 1989-லேயே எச்சரித்து எழுதியவரும் அவர்தான். 2011-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இரண்டு விநாடிக்கு ஒருமுறை பதியும் மீட்டரின் தரவை வைத்து, தொலைக்காட்சியில் எந்தப் படம் ஓடுகிறது என்பதைக்கூடக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார்கள். கால் மணிக்கு ஒருமுறை பதியும் மீட்டரில் அவ்வளவு நுணுக்கம் கிடைக்காது. ஆனால் நீங்கள் எப்போது எழுகிறீர்கள், எப்போது தூங்குகிறீர்கள், எந்த நாள்களில் வீடு பூட்டிக் கிடந்தது என்பதற்கு அதுவே போதும். திருடனுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் காவல் துறைக்கும் விவாகரத்து வழக்கறிஞருக்கும் பயன்படக்கூடிய தகவல் அது.

நெதர்லாந்தில் இந்த வாதம்தான் வென்றது. எல்லா வீட்டுக்கும் ஸ்மார்ட் மீட்டர் கட்டாயம், மறுத்தால் அபராதமோ சிறையோ என்று அரசு சட்டம் கொண்டுவந்தது. அது தனிமனித வாழ்வுக்கான உரிமையை மீறக்கூடும் என்று நுகர்வோர் அமைப்பு பல்கலைக்கழக ஆய்வோடு வாதிட்டது. 2009-இல் நாடாளுமன்ற மேலவை சட்டத்தை ஏற்க மறுத்தது. 2011-இல் திருத்தி வந்த சட்டத்தில் மறுக்கும் உரிமை இருந்தது. அதோடு, மீட்டரை வைத்துக்கொண்டே தரவு அனுப்புவதை நிறுத்திவைக்கும் வழியும் இருந்தது. எதிர்ப்பாளர்கள் கூட்டம் கூட்டிக் கத்தியதைவிட, அடிப்படை உரிமையைச் சட்ட மொழியில் சொன்னதுதான் அங்கே வேலை செய்தது.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நேப்பர்வில் நகர மக்களின் வழக்கும் இந்த வகைதான். அங்கே மின் விநியோகம் நகராட்சியின் கையில். 2013 ஜனவரியில் காவலர் துணையோடு மீட்டர் பொருத்த வந்தபோது தடுத்த இரண்டு பெண்கள் கைதானார்கள். குடியிருப்போர் தொடர்ந்த வழக்கில் 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கால் மணிக்கு ஒருமுறை தரவு எடுப்பது அரசியல் சட்டத்தின் பார்வையில் வீட்டைச் சோதனையிடுவதற்குச் சமம் என்று தீர்ப்பளித்தது. வீட்டின் வெப்பத்தை வெளியிலிருந்து கருவியால் பார்ப்பதும் சோதனைதான் என்ற 2001 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அது துணைக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் குற்றம் கண்டுபிடிக்கும் நோக்கம் இல்லாததால் இந்தச் சோதனை நியாயமானது என்று சொல்லி நகராட்சிக்குச் சாதகமாக முடித்தது. தரவை இன்னும் நெருக்கமான இடைவெளியில் எடுத்தாலோ காவல் துறைக்கு எளிதில் கிடைத்தாலோ முடிவு மாறலாம் என்றும் எழுதிவைத்தது. மக்கள் வழக்கில் தோற்றார்கள். ஆனாலும் இன்று இந்தப் பிரச்சினையில் வழக்கறிஞர்கள் முதலில் புரட்டும் தீர்ப்பு அதுதான்.

அளவு துல்லியம் பற்றியும் தீ விபத்து பற்றியும் வரும் புகார்களை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழகம் 2017-இல் ஒன்பது மீட்டர்களைச் சோதித்தது. மங்கலாக்கும் சுவிட்சோடு எல்இடி விளக்குகளை எரித்தபோது ஐந்து மீட்டர்கள் கூடுதலாகக் காட்டின. ஒன்று 582 சதவீதம்வரை போனது. சோதனைச் சூழல் கடுமையானது, எல்லா வீட்டிலும் அப்படி நடக்காது. ஆனாலும் மீட்டர் ஒருபோதும் தவறாது என்று பேசிய வாய்களை அது அடைத்தது. கனடாவின் சாஸ்கச்சுவானில் சில மீட்டர்கள் தீப்பிடித்ததால் 2014-இல் மாநில அரசு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மீட்டர்களைக் கழற்ற உத்தரவிட்டது. உள்ளே ஈரமும் அழுக்கும் புகுந்தது முக்கியக் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. வேறு இடங்களில் பல தடவை குற்றம் மீட்டரைச் செருகிவைக்கும் பழைய சாக்கெட்டில் இருக்கிறது. பல ஆண்டுகள் அசையாமல் இருந்த மீட்டரைப் பிடுங்கிப் புதியதைச் செருகும்போது தளர்ந்துபோன பிடிப்பு சூடாகிறது. அவசரமாக, வீட்டுக்கு இவ்வளவு கூலி என்று வேலை செய்யும் ஒப்பந்தக்காரர் அதைக் கவனிக்காமல் போய்விடலாம்.

தொலைவிலிருந்து துண்டிப்பதுதான் ஏழைகளை நேரடியாகத் தொடும் பிரச்சினை. முன்பெல்லாம் இணைப்பைத் துண்டிக்க ஓர் ஆள் வாசலுக்கு வர வேண்டும். உள்ளே குழந்தை இருப்பதை, நோயாளி இருப்பதை அவர் கண்ணால் பார்ப்பார். வீட்டுக்காரர் பேச, கெஞ்ச, அவகாசம் கேட்க ஒரு முகம் இருந்தது. இப்போது திரையில் ஒரு கட்டளை போதும். பிரிட்டனில் கடனில் இருந்த வீடுகளின் ஸ்மார்ட் மீட்டரை அலுவலகத்திலிருந்தே முன்கட்டண முறைக்கு மாற்றிவிட்டார்கள். பணம் தீர்ந்தால் இருட்டு. நலிந்தவர்களின் வீடுகளில் கட்டாயமாக முன்கட்டண மீட்டர் வைத்தது வெளியே வந்து, 2023 பிப்ரவரியில் ஒழுங்குமுறை அமைப்பு தலையிட்டு நிறுத்தச் சொன்னது. இந்தியாவில் 2024-இல் வதோதராவில் கிளம்பிய எதிர்ப்பும் முன்கட்டணத்தையும் பில் தொகையையும் பற்றியதுதான். அலையைப் பற்றி அங்கே பெரிதாகப் பேச்சே இல்லை.

விலகிக்கொள்ளக் கட்டணம் வாங்குவது சரியா என்றும் பலர் கேட்கிறார்கள். ஒரு வீட்டுக்காக மட்டும் ஆள் அனுப்பி ரீடிங் எடுக்கச் செலவாகும் என்பது உண்மை. ஆனால் காசு இருப்பவருக்கு மட்டும் கிடைத்தால் அதை உரிமை என்று சொல்ல முடியாது. வெர்மான்ட் மாநிலம் 2012-இல் சட்டம் போட்டு விலகலை இலவசமாக்கியது. வீட்டுக்காரரே மாதாமாதம் ரீடிங்கைப் படம் எடுத்து அனுப்பினால் செலவும் குறையும். இந்த யோசனையை முன்வைத்துப் பேச்சுவார்த்தை நடத்துவது நல்லது.

உங்கள் பகுதியில் எதிர்ப்பு தொடங்கினால் நான் சொல்லும் வழி இது. கோரிக்கையின் முதல் வரியில் புற்றுநோயை எழுதாதீர்கள்; நிறுவனம் ஒரு விஞ்ஞானியை அழைத்துவந்து பத்து நிமிடத்தில் அதை மறுத்துவிடும், மற்ற கேள்விகளும் அதோடு அடிபட்டுப் போகும். எழுத்தில் கேளுங்கள்: எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தரவு எடுக்கிறீர்கள், எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள், யாருக்குக் கொடுப்பீர்கள், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காவல் துறை கேட்டால் என்ன செய்வீர்கள்? பில் போட மாதத்துக்கு ஓர் எண் போதும் என்றால் கால் மணிக் கணக்கு எதற்கு என்று கேளுங்கள். நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டண முறைக்கு அது தேவை என்பார்கள். அப்படியானால் அந்தக் கட்டண முறையை ஏற்காதவர்களின் நுண்தரவை எடுக்கத் தேவையில்லை என்று வாதிடலாம். மருத்துவக் கருவியில் வாழ்பவர் வீட்டை ஆள் போய்ப் பார்க்காமல் துண்டிக்க மாட்டோம் என்ற உறுதியை வாங்குங்கள். சந்தேகம் உள்ள வீடுகளில் சிறிது காலம் பழைய மீட்டரையும் பக்கத்திலேயே ஓடவிட்டு ஒப்பிடக் கேளுங்கள். எந்தத் தொழில்நுட்ப அறிவும் இல்லாமல் எல்லோருக்கும் புரியும் சான்று அது.

செய்யக் கூடாதவையும் உண்டு. மீட்டர் முத்திரையை உடைக்காதீர்கள். அது பெரும்பாலான இடங்களில் குற்றம், மின்சாரம் தாக்கும் ஆபத்தும் உண்டு. அலையைத் தடுக்க உலோகத் தகடு சுற்றுவதும் பயனற்றது: பதில் வராத மீட்டர் மறுபடி மறுபடி அனுப்ப முயலும். கதிர் தடுக்கும் பொருள் என்று விற்பவர்கள் எதிர்ப்பு நடக்கும் ஊர்களைத் தேடி வருவார்கள். அவர்களைக் கூட்டத்தில் பேச விடாதீர்கள்.

பேச்சு முடியும் முன்பே ஆள் வந்துவிட்டால், கருவியோடு நிற்பவர் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்பவர் என்பதை மனதில் வையுங்கள். அவரோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. அடையாள அட்டையையும் பணி ஆணையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் தரவில்லை என்று எழுதிய கடிதத்தின் ஒரு பிரதியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். அப்படியும் பொருத்தினால், கழற்றும் முன் பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும் புதியதன் முதல் ரீடிங்கையும் இரண்டின் வரிசை எண்களோடு படம் எடுங்கள். பழைய சாக்கெட்டின் பிடிப்பைச் சோதித்தாயிற்று என்று அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.